லைனிங் வைத்ததா, வைக்காததா: ஆஃப்ரிஸ்கிக்கு ஒரு ஜாக்கெட்

"பனிச்சறுக்குக்குப் போறோம்மா, நல்லதா ஒரு ஜாக்கெட் வாங்கணும்" என்று ஊருக்கு போனில் சொன்னேன். அம்மா உடனே கேட்டாள்: "லைனிங் வெச்சதாடி, வெக்காததா?" அவள் நினைத்தது புடவைக்குப் போடுகிற ஜாக்கெட்டை. சிரித்துவிட்டு போனை வைத்தேன். அப்புறம் மூன்று வாரம் ஜோகன்னஸ்பர்க் மால்களில் கடை கடையாக ஏறி இறங்கியபோதுதான், கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று புரிந்தது.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில். அங்கிருந்து பெத்லஹேம், ஃபூரிஸ்பர்க் வழியாகப் போய், காலிடன்ஸ்போர்ட் எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, லெசோத்தோவுக்குள் மோட்டெங் கணவாய் வளைவுகளில் முதல் கியரில் ஏறினால் ஆஃப்ரிஸ்கி என்கிற பனிச்சறுக்குத் தளம். மாலுட்டி மலையில், 3,000 மீட்டருக்கு மேலே. சீசன், இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.

குளிர் எவ்வளவு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். ஜோகன்னஸ்பர்க்கே 1,750 மீட்டர் உயரம். ஜூலையில் இங்கே மதியம் 17 டிகிரி என்றால், மேலே எட்டு, ஒன்பது. ராத்திரி இங்கே நாலு டிகிரி என்றால் அங்கே மைனஸ் நாலு. காற்றடித்தால் இன்னும் மோசம். வானமோ பளிச்சென்று இருக்கும், குளிர்காலத்தில் இந்தப் பக்கம் மழை அபூர்வம். சரிவில் கிடக்கிற பனியில் பெரும்பங்கு மெஷின் அடித்தது. காலையில் சர்க்கரைக் கட்டி மாதிரி இறுகிக் கிடக்கும், மதியத்துக்குப் பிறகு கோலி சோடா கடை ஐஸ் தூள் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும்.

ஆக, வானத்திலிருந்து நனைய வாய்ப்புக் குறைவு. நம்மை நனைப்பது இரண்டு: விழுந்து புரளும்போது கீழே இருக்கிற பனி, உள்ளே ஊறுகிற வியர்வை. கற்றுக்கொள்கிறவர்கள் சறுக்குவதைவிட, சறுக்குக் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி நடப்பதுதான் அதிகம். கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி வியர்க்கும். நனைந்த துணிதான் ஆபத்து. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தும். கடையில் நின்று "எது ரொம்பக் கதகதப்பு?" என்று மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

முதல் தடவை நான் ஏமாந்தது டவுன் ஜாக்கெட்டில். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தோழி ஒருத்தி, "அக்கா, இது போதும்" என்று அன்பாகக் கொடுத்தனுப்பினாள். உள்ளே வாத்தின் நெஞ்சுத் தூவி. ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கும் என்பதுதான் அதன் மேல் போட்டிருக்கும் 600, 800 என்கிற எண். எடையைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, சூடோ அடுப்படி போல. காலை ஒன்பது மணிக்கு நான்தான் ராணி. ஏழெட்டுத் தடவை விழுந்து எழுந்து, பனி கொழகொழத்த நேரத்தில் இரண்டு கையிலும் ஏதோ உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தால், தூவி முழுக்கத் தண்ணீர் குடித்து, எலுமிச்சங்காய் அளவில் முழங்கைப் பக்கம் சேர்ந்துவிட்டிருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெறும் இரண்டு மடிப்புத் துணி. மழையில் நனைந்த கோழியின் வாடை வேறு. வீட்டுக்கு வந்து, டிரையரில் டென்னிஸ் பந்தோடு போட்டு மூன்று மணி நேரம் சுழற்றித்தான் அதை மீட்டேன். சாயங்காலம் பிராய் அடுப்பை, அதாவது வெளியே கறி சுடுகிற அடுப்பைச் சுற்றி நிற்க இதை அடிக்க ஆளில்லை. ஆனால் நெருப்புப் பொறி பட்டால் நைலானில் குண்டூசித் துளை விழும். அப்புறம் வருஷம் முழுக்க ஒவ்வொரு தூவியாக எட்டிப் பார்க்கும். இதுவும் நடந்தது. தோழியிடம் இன்னும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் தேர்வு வேறு. லைனிங் வைத்தது: வெளியே நீர்புகாத் துணி, உள்ளேயே தைத்த பாலியஸ்டர் பஞ்சு. ஸ்கி ஜாக்கெட் என்று கேட்டால் பெரும்பாலான கடைகள் எடுத்துப் போடுவது இதைத்தான். டெகாத்லான் விளையாட்டுப் பொருள் கடையிலும் இந்த ரகம் நிறைய. நனைந்தாலும் பஞ்சு முழுசாக அமுங்காது, பாதிச் சூடாவது நிற்கும்; விலையும் கைக்கடக்கம். இவருக்குக் காலையில் சுகமாகத்தான் இருந்தது. பதினொரு மணிக்கு முகம் சிவந்து, ஜிப்பைத் தொப்புள் வரை இறக்கிவிட்டு நின்றார். கழற்றலாம் என்றால் உள்ளே ஒரே ஒரு டி-ஷர்ட், அதுவும் காட்டன், பிழிந்தால் சொட்டும். நாலு மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனதும் பல் தந்தியடித்தது. "ஜாக்கெட் சரியில்லை" என்கிறார். பாதித் தப்பு அந்த டி-ஷர்ட்டின் மேல் என்பது என் கட்சி.

ஆனால் எங்கள் பையனுக்கு நான் வாங்கியது இதே ரகம்தான். ஒன்பது வயதுக்காரன் பனியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான், உருளுகிறான். ஃப்ளீஸை, அதாவது உள்ளே போடுகிற மெத்தென்ற பாலியஸ்டர் சட்டையைத் தனியாகக் கொடுத்தால் மதியத்துக்குள் எங்கேயாவது தொலைத்துவிட்டு வருவான். ஒரே உடுப்பு, ஒரே ஜிப், தீர்ந்தது.

எனக்கு நான் வாங்கியது லைனிங் வைக்காதது. ஷெல் என்கிறார்கள். வெறும் மேலுறை, காற்றையும் தண்ணீரையும் தடுக்கும், சூடு துளிகூடத் தராது. சூட்டுக்கு உள்ளே தனியாக ஒரு ஃப்ளீஸ், அதற்கும் உள்ளே மெரினோ கம்பளியிலோ பாலியஸ்டரிலோ ஒட்டிய பனியன். மதியம் ஃப்ளீஸைக் கழற்றிப் பைக்குள் திணிக்கலாம். அக்குளில் இருக்கிற ஜிப்பைத் திறந்தால் வியர்வை ஆவியாகப் போய்விடும். கோர்-டெக்ஸ் போன்ற துணியின் சங்கதி இதுதான்: உள்படலத்தின் துளைகள் நீர்த்துளிக்கு மிகச் சிறியவை, நீராவிக்குப் போதுமானவை. 1969இல் பாப் கோர், பிடிஎஃப்இ பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்துப் பார்த்ததில் பிறந்தது. குறை இல்லாமல் இல்லை. காலை முதல் அரை மணி நேரம் நடுங்கினேன். விலை கேட்டதும் இன்னும் கொஞ்சம் நடுங்கினேன்.

பிறகும் ஏன் அது? வருஷத்துக்கு மூன்று நாள் பனிக்காக ஒரு துணியை அலமாரியில் தூங்கப்போட எனக்கு மனசில்லை. ஜோகன்னஸ்பர்க் இருக்கிற ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் மழை கோடையில்தான். அக்டோபர் முதல் மார்ச் வரை சாயங்காலம் இடி, மின்னல், சில நாள் ஆலங்கட்டி. அப்போது ஷெல் வெளியே வருகிறது. குளிர்காலத்தில் இங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் ஹீட்டர் வசதி கட்டி வைத்திருக்க மாட்டார்கள். ஜூலையில் காலை ஆறு மணிக்கு டைல்ஸ் தரையில் நின்று தோசை வார்க்கும்போது ஃப்ளீஸ்தான் துணை. இவருடைய தடி ஜாக்கெட் செப்டம்பரிலிருந்து மே வரை சூட்கேஸில் தூங்குகிறது.

மூன்றும் ஒன்றில் என்று விற்கிறார்களே, ஷெல்லோடு ஃப்ளீஸை ஜிப் போட்டு மாட்டியது, அது நடுவழி. நான் போட்டுப் பார்த்தவற்றில் உள்துணி மெலிசு, இரண்டையும் சேர்த்தால் கனம். தனித்தனியாகத் தள்ளுபடியில் வாங்கினால் தேவலை. டர்பன்காரர்கள் யாராவது ஒரே ஒரு தடவை போகிறீர்கள் என்றால் எதையும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். டர்பன் குளிருக்கு இவற்றில் எதுவும் வேண்டாம்.

ஜாக்கெட்டில் தொங்குகிற விவரச் சீட்டில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. மி.மீட்டரில் இருப்பது, துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் கசியும் என்பது. 10,000 என்றால் பத்து மீட்டர் தண்ணீர். ஆஃப்ரிஸ்கிக்கு அது போதும். 5,000 என்றால் பனியில் உட்கார்ந்து எழுந்ததும் தெரிந்துவிடும். கிராமில் இருப்பது ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் வழியே எவ்வளவு ஆவி வெளியேறும் என்பது. அதுவும் 10,000க்குக் குறையாமல் பாருங்கள். எண்ணைவிடத் தையலைப் பார்ப்பது முக்கியம். உட்புறம் திருப்பி, எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். தோளிலும் தொப்பியிலும் மட்டும் ஒட்டிவிட்டு நீர்புகாதது என்று விற்பதுண்டு. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உள்பாவாடை ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மல்லாக்க விழும்போது முதுகு வரை பனி ஏறும். அந்த அனுபவத்தை விவரிக்க வேண்டாம் என்று இவர் கேட்டுக்கொண்டார்.

வாங்கின புதிதில் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டோடும். ஒன்றிரண்டு வருஷத்தில் துணி தண்ணீரைக் குடித்துக் கருக்க ஆரம்பித்தால் ஜாக்கெட் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மேல்பூச்சுதான் களைத்திருக்கிறது. இதற்கென்று விற்கிற சோப்பில் அலசி, சீட்டில் அனுமதி போட்டிருந்தால் குறைந்த சூட்டில் டிரையரில் சுழற்றுங்கள், பாதி உயிர் திரும்பும். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் ஊற்றவே கூடாது.

அளவு விஷயத்தில் ஆன்லைனை நம்பி ஒரு தடவை திருப்பி அனுப்பியாயிற்று. கடைக்கே போங்கள், ஃப்ளீஸையும் எடுத்துப் போங்கள். இரண்டையும் போட்டுக்கொண்டு, காவடி எடுக்கிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். இடுப்பு தெரிந்தால் அடுத்த அளவைக் கேளுங்கள்.