சீரான திசைவேகம்: பேட்டரி காரா, குழாய்க் குமிழியா?

சீரான திசைவேகத்தை, அதாவது ஒரே திசையில் ஒரே வேகத்தில் போவதை, வகுப்பில் அளந்து காட்ட இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கும் பேட்டரி கார். மற்றொன்று, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி விடும் காற்றுக் குமிழி.

காரைப் பார்த்ததும் பிள்ளைகள் குஷியாகிவிடுவார்கள். ஆனால் அது நேராக ஓடுவதில்லை. பக்கவாட்டில் திரும்பினால் வேகம் மாறாவிட்டாலும் திசைவேகம் மாறிவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க நல்ல சாக்குதான், அளக்கத்தான் தலைவலி. வினாடிக்கு 50 செ.மீ. போகும் கார், ஸ்டாப்வாட்சை அழுத்தும் கை 0.2 வினாடி பிந்தினால் 10 செ.மீ. தாண்டிவிடும். பேட்டரி இறங்க இறங்க வேகமும் குறையும்.

குமிழி ஆடி அசைந்து ஏறும். வினாடிக்கு 8 செ.மீ. என்றால் அதே தாமதத்தில் பிழை 1.6 செ.மீ.தான். டியூபை ரீப்பர் கட்டையில் வளையாமல் கட்டி, 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஒரு முனையைச் செங்கல் மேல் வையுங்கள். குமிழி கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே வேகம் நிலைத்துவிடும், அதனால் முதல் கோட்டை விட்டுவிட்டு எண்ணலாம். தூரம்–காலம் வரைபடம் நேர்கோடாக வரும், அதன் சாய்வுதான் வேகம். ரொம்ப மெல்லிய டியூப் வேண்டாம், குமிழி நகராமல் ஒட்டிக்கொள்ளும். டியூபின் சாய்வை மாற்றினால் குமிழியின் வேகமும் மாறும். செங்குத்தாக நிறுத்தினால்தான் அதிக வேகம் என்று எல்லோரும் நினைப்பார்கள், பார்த்தால் நடுச்சாய்வில்தான் விரைவாக ஏறும்!

அளப்பதற்கு என் ஓட்டு குமிழிக்கே. இரண்டு கார்களை எதிரெதிரே விட்டு எங்கே சந்திக்கும் என்று கணிக்கச் சொல்வதாக இருந்தால், சரி, கார் வாங்குங்கள்.