கடிகாரச் செயினில் ஆடும் ஸ்க்ரூ: நெயில் பாலிஷா, லாக்டைட்டா?

போன ஆனிச் சாரலில் குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்கு பைக்கில் வந்து இறங்கினேன். கைக்கடிகாரம் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செயினில் ஒரு கண்ணியைப் பிடித்திருந்த ஸ்க்ரூ வழியில் எங்கோ விழுந்துவிட்டது. தலை கடுகளவு, நீளம் ஒரு அரிசிமணி. அதைத் தேடிப் போக முடியுமா? கடிகாரம் முழுதாக விழாததே பெரிது.

வடசேரியில் நான் வழக்கமாகப் போகும் வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சி, மிச்சமிருந்த ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி லென்ஸில் காட்டினார். மரைகளுக்கு, அதாவது ஸ்க்ரூவின் திருகு வரிகளுக்கு, நடுவே சாம்பல் நிறத்தில் மாவு போல ஏதோ அப்பியிருந்தது. வியர்வை, சோப்பு, கடல் உப்பு எல்லாம் சேர்ந்த அழுக்கு. "மக்களே, இந்த அழுக்கு மேல எத ஊத்துனாலும் நிக்காது. முதல்ல கழுவு" என்றார்.

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடற்காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள நம் மாவட்டத்தில் செயின் வெகு சீக்கிரம் அழுக்காகும். ஸ்க்ரூவையும் துளையையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பசையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

வெறுமனே முறுக்கி விட்டால் போதாதா? சில வாரம் நிற்கும். பைக் அதிர்வும் கை அசைவும் சேர்ந்து மறுபடி தளர்த்திவிடும். பலமாக முறுக்கினால் இன்னொரு தொல்லை: திருப்புளியின் நுனி ஸ்க்ரூ தலையிலுள்ள பள்ளத்துக்கு, அதாவது காடிக்கு, சரியாகப் பொருந்தாவிட்டால் காடி சிதைந்துபோகும். அதன் பிறகு கழற்றவும் முடியாது, முறுக்கவும் முடியாது.

நெயில் பாலிஷ் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதிலுள்ள கரைப்பான் ஆவியானதும் மெல்லிய படலமாக இறுகும். வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்டால் கரைந்துவிடும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் பிடிமானம் குறைவு. மரைக்குள் ஆழமாகப் போனது காய நேரம் எடுக்கும். தினமும் கடலில் இறங்குபவருக்கும் ரப்பர் தோட்டத்தில் கை ஓயாமல் வேலை செய்பவருக்கும் இதை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனசு வராது.

சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தில் இறுகுவது அது. இறுகும்போது எழும் ஆவி பக்கத்திலுள்ள பரப்பில் வெள்ளையாகப் படியும். கடிகாரக் கண்ணாடிக்குள் அது போய்விட்டால் டயலே மங்கிவிடும். இறுகிய பின் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை வேறு, அதிர்வைத் தாங்காது.

ஸ்க்ரூ தளராமல் பிடிப்பதற்கென்றே பிறந்த பசை லாக்டைட். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வெர்னான் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கியது. காற்று பட்டுக்கொண்டிருக்கும் வரை திரவமாகவே இருக்கும். மரைகளுக்கு நடுவே காற்றில்லாமல் உலோகத்தைத் தொட்டதும் இறுகும். குப்பி பாதி காலியாக வருவதும் அதனால்தான். உள்ளே காற்று இருந்தால்தான் மருந்து கெடாது.

ஆனால் லாக்டைட் என்று பொதுவாகக் கேட்டு வாங்கக் கூடாது. பைக் மெக்கானிக்குகளிடம் பெரும்பாலும் இருப்பது நீலம், 243. நடுத்தரப் பலம். ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு அதுவே அதிகம்: கழற்றும்போது பசை விடுவதற்கு முன் காடி உடைந்துவிடலாம். சிவப்பு, அதாவது 271, கிட்டத்தட்ட நிரந்தரப் பூட்டு. பிரிக்க 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டும். கடிகாரத்துக்கு ஏற்றது ஊதா நிற 222. குறைந்த பலம், சின்ன ஸ்க்ரூவுக்கானது, சாதாரண திருப்புளியாலேயே திரும்பக் கழற்றலாம். செயினில் கண்ணி கூட்டிக் குறைக்க வேண்டி வரும் என்பதால் இது முக்கியம்.

குப்பியின் மூக்கால் நேராக ஊற்றினால் அதிகமாகிவிடும். ஊசி முனையில் ஒரு பொட்டு எடுத்து, தலைப்பக்கத்தைத் தவிர்த்து மரையின் நுனிப்பக்கம் தடவினால் போதும். அதிகமானால் கண்ணியின் மூட்டுக்குள் வழிந்து செயின் மடங்காமல் விறைத்துப்போகும். வெளியே பிதுங்கியது காற்றில் இறுகாது, அதனால் உடனே துடைத்துவிடலாம். துருப்பிடிக்காத எஃகில் இது மெதுவாகத்தான் இறுகும்; ஒரு முழு நாள் கடிகாரத்தைக் கட்டாமல் வையுங்கள்.

சரி, எல்லா ஸ்க்ரூவுக்கும் இதுதானா? இல்லை. பின்மூடியின் நான்கு சின்ன ஸ்க்ரூக்களுக்கு ஒன்றும் வேண்டாம். பேட்டரி மாற்றும்போதெல்லாம் திறக்க வேண்டியவை அவை. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் உள்ளேயுள்ள ரப்பர் வளையம் சமமாக அமுங்கும். பிளாஸ்டிக் உடம்புக்குள் நேராக இறங்கும் ஸ்க்ரூவுக்கும் லாக்டைட் கூடாது, சில வகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விடும். நெயில் பாலிஷின் கரைப்பானும் பிளாஸ்டிக்கை அரிக்கும். அதற்கு மாதம் ஒருமுறை பார்த்து முறுக்குவதுதான் வழி.

என் செயினில் இப்போது இரண்டும் இருக்கிறது. மரைக்குள் ஊதா, வெளியே ஸ்க்ரூ தலையிலிருந்து கண்ணி வரை தங்கையின் சிவப்பு நெயில் பாலிஷால் முடி கனத்தில் ஒரு கோடு. ஸ்க்ரூ துளி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஐப்பசி மழையெல்லாம் முடிந்து பார்த்தேன், கோடு நேராகவே நிற்கிறது.