பிரின்ஸ்டன் அல்காரிதம் படிப்பு: மெதுவான விடையிலிருந்து தொடங்கும் கற்பித்தல்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் செட்ஜ்விக்கும் கெவின் வெய்னும் உருவாக்கிய அல்காரிதம் (சிக்கலைத் தீர்க்கும் படிமுறை) படிப்பு 2012ஆம் ஆண்டு கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் கட்டணமின்றி வெளிவந்தது. இரண்டு பகுதிகளாக அமைந்த இப்படிப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் 6 வாரப் பாடங்களும் 5 நிரல் பயிற்சிகளும் உண்டு. அல்காரிதங்களையும் தரவுக் கட்டமைப்புகளையும் விளக்கும் காணொளிகளுக்கு இணையத்தில் இன்று குறைவில்லை. ஆயினும் எதை முதலில் சொல்வது, எங்கே மாணவரைத் திணறவிடுவது, எப்போது கைகொடுப்பது என்று இவ்வளவு தீர்மானமாக யோசித்து அமைக்கப்பட்ட வேறொரு படிப்பை நான் பார்த்ததில்லை. முதல் பகுதியை விரிவாகவும் இரண்டாம் பகுதியைச் சுருக்கமாகவும் இங்கே மதிப்பிடுகிறேன்.

பெரும்பாலான பாடத்திட்டங்கள் தரவைச் சேமிக்கும் அடிப்படை அமைப்புகளான அரே (எண்ணிட்ட இடங்களின் வரிசை), இணைப்புப் பட்டியல் (ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் பட்டியல்), ஸ்டாக், கியூ என்ற வரிசையில் தொடங்குவதால், எந்தச் சிக்கலைத் தீர்க்க இவை தோன்றின என்பதை அறியாமலேயே மாணவர் இவற்றின் இலக்கணத்தை மனப்பாடம் செய்ய நேர்கிறது. இப்படிப்பு யூனியன்-ஃபைண்ட் என்ற சிக்கலில் தொடங்குகிறது. பல பொருள்கள் உள்ளன. இரண்டிரண்டாக அவற்றை இணைத்துக்கொண்டே போகிறோம். குறிப்பிட்ட இரண்டு பொருள்களுக்கு இடையே தொடர்பு உண்டா என்று எந்நேரமும் கேட்கலாம். இதற்குத் தேவையான கருவி ஒரே ஓர் அரேதான். முதலில் தரப்படும் தீர்வு எளியது, சரியானது, ஆனால் பயன்படாத அளவுக்கு மெதுவானது. அடுத்த தீர்வு வேறொரு விதத்தில் மெதுவானது. அதில் ஒவ்வொரு குழுவும் ஒரு வேரிலிருந்து கிளைக்கும் மரமாக வைக்கப்படுகிறது. சிறிய மரத்தைப் பெரிய மரத்தின் வேரோடு இணைப்பது என்ற ஒரு சின்ன மாற்றம் மரத்தின் உயரத்தை மிக மெதுவாக வளரும் மடக்கை (லாகரிதம்) அளவுக்குள் கட்டுப்படுத்திவிடுகிறது. வேரைத் தேடிச் செல்லும்போதே பாதையைச் சுருக்குவது அதையும் மிஞ்சுகிறது. நூறு கோடிப் பொருள்களுக்கு நூறு கோடி இணைப்புகள் என்றால், முதல் தீர்வுக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்றும் கடைசித் தீர்வுக்கு 6 விநாடிகள் போதும் என்றும் விரிவுரை கணக்கிட்டுக் காட்டுகிறது. அல்காரிதம் என்ற பாடம் எதற்காக இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே, அரேக்கு மேல் எதுவும் தெரியாத மாணவரும் ஒப்புக்கொள்ளும்படி நிறுவும் இந்தத் தொடக்கத்தைக் கற்பித்தல் துறையின் ஒரு சாதனையாகவே கருதுகிறேன்.

அதே வாரத்தில் வரும் பயிற்சி இந்தப் பாடத்தை இன்னும் ஆழமாக்குகிறது. ஒரு சதுரக் கட்டத்தில் அடைபட்ட அறைகளைத் தற்செயல் தேர்வில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால், எத்தனை பங்கு அறைகள் திறந்த நிலையில் மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசைக்கு வழி கிடைக்கும்? பெரிய கட்டங்களுக்கு இந்த எல்லை ஏறத்தாழ 0.593, இதைச் சூத்திரத்தால் கண்டறிய இயலாததால், மாணவரே நிரல் எழுதித் திரும்பத் திரும்பச் சோதித்து மதிப்பிட வேண்டும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கற்பனை அறைகளைச் சேர்த்துக்கொண்டால், வழி உண்டா என்ற கேள்விக்கு ஒரே தேடலில் விடை கிடைக்கும். ஆனால் அந்தத் தந்திரமே ஒரு பிழையைக் கொண்டுவருகிறது. வழி ஒன்று கிடைத்தவுடன், கீழ்வரிசையில் வேறெங்கோ திறந்திருக்கும் அறைகள் யாவும் கீழேயுள்ள கற்பனை அறையின் வழியாக மேல்வரிசையோடு தொடர்புடையவை போலத் தோன்றிவிடுகின்றன. இதைத் தவிர்க்க, இரண்டாவதாக ஒரு யூனியன்-ஃபைண்டை வைத்துக்கொண்டு நினைவகத்தைக் கூடுதலாகச் செலவிடலாம். அல்லது ஒவ்வொரு குழுவின் வேரிலும் அது மேலே தொடுகிறதா, கீழே தொடுகிறதா என்ற குறிப்பை வைத்துக்கொண்டு ஒரே கட்டமைப்பில் முடிக்கலாம். ஒரு தரவுக் கட்டமைப்பைப் பயன்படுத்துவதற்கும் அதைப் புரிந்துகொள்வதற்கும் உள்ள தூரத்தை மாணவர் கடப்பது இந்த இடத்தில்தான்.

பயிற்சிகளைத் திருத்துவது தானியங்கி மதிப்பீட்டு மென்பொருள். விடை சரியா தவறா என்பதோடு அது நிற்பதில்லை. வகுத்துத் தந்த செயற்கூறுகளின் பெயரும் வடிவமும் மாறாமல் இருக்கின்றனவா, நிரலின் நடை ஒழுங்காக உள்ளதா, எவ்வளவு நினைவகம் செலவாகிறது, உள்ளீடு பெருகும்போது நேரம் எப்படி வளர்கிறது என்பனவற்றையும் தனித்தனியாகச் சோதித்து அறிக்கை தருகிறது. இரண்டாம் பயிற்சியில் இதன் கண்டிப்பு நன்கு தெரியும். இருமுனைகளிலும் சேர்த்து நீக்கக்கூடிய கியூவில் உறுப்புகள் எத்தனை இருந்தாலும், ஒவ்வொரு செயலும் எந்நிலையிலும் மாறா நேரத்தில் முடிய வேண்டும். நினைவகச் செலவு உறுப்புக்கு 48 பைட், அதன்மேல் மொத்தமாக 192 பைட் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். தற்செயல் தேர்வில் உறுப்பை எடுத்துத் தரும் மற்றொரு கியூவுக்கோ சராசரியாகப் பார்க்கையில் மாறா நேரம் என்றால் போதும். எந்த இடத்துக்கு இணைப்புப் பட்டியல், எந்த இடத்துக்கு அளவு மாறும் அரே என்பதை யாரும் சொல்லாமலேயே இந்த நிபந்தனைகள் மாணவருக்கு உணர்த்திவிடுகின்றன. நீக்கிய உறுப்பின் சுட்டியை அரேயில் விட்டுவைத்தால் அதன் நினைவகம் விடுபடாது என்ற நுட்பத்தையும், பலர் பணிக்குச் சென்ற பிறகே கற்கும் அந்தப் பாடத்தை, மாணவர் இங்கேயே கற்கிறார். திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கலாம் என்பதால் இந்தக் கண்டிப்பு அச்சத்தை உண்டாக்குவதில்லை.

செயல்திறனை அளக்கும் பாடமும் பாராட்டுக்குரியது. உள்ளீட்டை இரட்டிப்பாக்கி, நேரம் எத்தனை மடங்காகிறது என்று பார். ஏறக்குறைய 4 மடங்கு என்றால் வர்க்க வளர்ச்சி, 8 மடங்கு என்றால் கன வளர்ச்சி என்று ஊகித்து, அடுத்த சோதனையில் அதைச் சரிபார் என்று அறிவியல் முறையில் வழிகாட்டுகிறது. நேர வளர்ச்சியைக் குறிக்கும் பிக்-ஓ குறியீடு மேல்வரம்பை மட்டுமே சொல்கிறது, அதைத் தோராய மதிப்பாக எடுத்துக்கொள்வது தவறு என்பதையும் விரிவுரை அழுத்திச் சொல்கிறது. வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதிபாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடல் போன்ற சிறிய நிரலும் எளிதன்று என்பதற்கு அது தரும் சான்று மாணவர் நெஞ்சில் நிற்கக்கூடியது: 1946இல் முதன்முதலாக வெளியான அந்த முறைக்குப் பிழையற்ற வடிவம் 1962இல்தான் கிடைத்தது, ஜாவா நூலகத்திலிருந்த அதன் நிரலில் 2006இல்கூட ஒரு பிழை கண்டறியப்பட்டது.

வரிசைப்படுத்தல், முன்னுரிமைக் கியூ, சமநிலை மரங்கள், ஹாஷ் அட்டவணை ஆகியவை எதிர்பார்க்கும் தரத்தில் உள்ளன. சிவப்பு-கருப்பு மரத்தை இரண்டு-மூன்று மரத்தின் மறுவடிவமாக விளக்கும் பகுதி மட்டும் தனித்துச் சொல்லத் தக்கது. பல நூல்களில் காரணமின்றி அடுக்கப்படும் சுழற்சி விதிகள் இங்கே இயல்பாகவே பிறக்கின்றன.

குறைகளும் உண்டு. ஒரு செயற்கூறு தன்னையே அழைக்கும் தற்சுழற்சி மாணவருக்கு ஏற்கெனவே கைவந்தது என்று இப்படிப்பு எடுத்துக்கொள்கிறது. அதில் தடுமாறுபவர் மூன்றாம் வாரத்தில் வரும் மெர்ஜ்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையிலேயே பின்தங்கிவிடுவார். நிரூபணங்கள் பெரும்பாலும் சுருக்கமாகவே தரப்படுவதால், கணித முறையில் நிரூபிக்கும் பயிற்சியை ஆசிரியர் தனியாகத்தான் அளிக்க வேண்டும். சிறு சிக்கல்களின் விடைகளைச் சேமித்துப் பெரிய சிக்கலைத் தீர்க்கும் டைனமிக் புரோகிராமிங் என்ற முதன்மையான உத்திக்குத் தனி விரிவுரை இல்லாதது பெரிய இழப்பு. இரண்டாம் பகுதியில், படத்தின் முக்கியமற்ற பிக்சல் தடங்களை நீக்கி அகலத்தைக் குறைக்கும் பயிற்சியில் அந்த உத்தி வருகிறது. எனினும் அது மிகக் குறுகிய பாதைச் சிக்கலாகவே அறிமுகமாகிறது. பயிற்சிகள் அனைத்தும் ஜாவாவிலேயே எழுதப்பட வேண்டும் என்பதும், உள்ளீட்டுக்கும் வரைவதற்கும் படிப்பின் சொந்த நூலகத்தையே சார்ந்திருப்பதும் பைதான் மட்டும் அறிந்தவருக்குத் தொடக்கத்தில் சுமையாக இருக்கும். படிப்பை முடித்ததற்குப் பல்கலைக்கழகம் சான்றிதழ் எதுவும் வழங்குவதில்லை. வேலை தேடும்போது காட்ட ஒரு தாள் வேண்டும் என்பவர் இதை முன்பே அறிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் பகுதி புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட கிராஃப் அமைப்புகளில் தொடங்கி, சரத்தேடல், தரவுச் சுருக்கம் வழியாகத் தீர்க்கக் கடினமான சிக்கல்கள்வரை செல்கிறது. இதன் வேகம் கூடுதல். முதல் பகுதியின் 5 பயிற்சிகளையும் முழுமையாக முடிக்காதவர் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நிரல்மொழியில் ஓராண்டுப் பழக்கமுள்ள கல்லூரி மாணவருக்கு முதல் பகுதி மிகப் பொருத்தமானது. வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு முழுப் படிப்பையும் பின்பற்ற இயலாவிட்டாலும், யூனியன்-ஃபைண்ட் விரிவுரையையும் அதன் பயிற்சியையும் தம் பாடத்திட்டத்தின் முதல் இரண்டு வாரங்களில் வைத்து, அரேயையும் இணைப்புப் பட்டியலையும் அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஜாவாகூடத் தேவையில்லை.