நகைகளைச் சுத்தம் செய்யும் முறைகள்: பல வருடப் புழக்கத்தில் எது நின்றது, எது கெடுத்தது

எந்த முறையில் தேய்த்தாலும் முதல் நாள் நகை மின்னத்தான் செய்யும். பற்பசை போட்டால்கூட மின்னும். அதை வைத்து ஒரு முறையை நல்லது என்று சொல்லிவிட முடியாது. வேலைப்பாட்டின் விளிம்பு மழுங்கியதா, முலாம் போனதா, கல் ஆடத் தொடங்கியதா என்பதெல்லாம் நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். அப்படிப் பார்த்தால், நகைகள் பெரும்பாலும் கெடுவது சுத்தம் செய்யும்போதுதான்.

தங்கத்துக்கு இதுவரை சோப்புத் தண்ணீரை மிஞ்சிய ஒன்று இல்லை. ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, நகையை 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு குழந்தைகளுக்கான மெல்லிய டூத் பிரஷால் பின்பக்கத்தையும் கண்ணிகளின் இடுக்கையும் லேசாகத் துலக்கினால் போதும். அலசுவதை இன்னொரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் அலசினால், கழன்ற கல்லும் திருகாணியும் வடிகாலோடு போய்விடும். குழல் போன்ற பொள்ளல் சங்கிலியை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துவது நல்லது. உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியே வராது. உள்ளே அரக்கு நிரப்பிய நகைகளுக்குச் சூடான தண்ணீர் ஆகவே ஆகாது, அரக்கு இளகிவிடும்.

சுத்தத் தங்கம் கறுக்காது. 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம், மீதியில் செம்பும் வெள்ளியும் இருப்பதால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். கழுத்தில் கறுப்புக் கோடு விழுந்ததும் தங்கம் மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். முகப்பூச்சுப் பவுடரில் இருக்கும் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் தங்கத்தை நுண்ணிய தூளாக அரைக்கின்றன, அந்தத் தூள்தான் கறுப்பாகத் தெரிகிறது. பவுடர் போட்ட பிறகு தோலைத் துடைத்துவிட்டு நகையைப் போட்டால் கோடு விழாது.

தங்கத்துக்கு உண்மையான எதிரி குளோரின். ப்ளீச்சும் நீச்சல்குளத் தண்ணீரும் கலப்பு உலோகத்தை உள்ளுக்குள் அரித்து நொறுங்கும்படி செய்கின்றன. நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில், கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய கொக்கிகள்தான் முதலில் விரிசல் விடும். வெள்ளைத் தங்கத்தின் பளபளப்பு பெரும்பாலும் ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தின் முலாம்தான். தினமும் போடும் மோதிரத்தில் அது ஓரிரு வருடத்தில் தேய்ந்து அடியில் உள்ள மஞ்சள் சாயல் தெரியும். இதற்கு எந்தக் கழுவலும் உதவாது, மறுபடி முலாம் போட வேண்டும்.

வெள்ளி கொஞ்சம் வேலை வாங்கும். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டு மேலே வெள்ளி சல்ஃபைடு படிவதுதான் கறுப்பு. எடுத்தவுடன் கறுத்துவிடாது. முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியாகத்தான் நீலம் பாய்ந்த கறுப்பு. மஞ்சள் கட்டத்திலேயே மெருகுத் துணியால் துடைத்துவிட்டால் மற்ற எதுவும் தேவைப்படாது. வெள்ளியை வட்டமாகத் தேய்க்காமல் ஒரே திசையில் நீளவாக்கில் துடையுங்கள், கீறல் கண்ணுக்குத் தெரியாது. மெருகுத் துணியைத் துவைக்கக் கூடாது, துவைத்தால் அதிலுள்ள மருந்து போய்விடும். துணி கறுத்துப்போனாலும் வேலை செய்யும், தூக்கிப்போட வேண்டியதில்லை.

கறுப்பு ஏறிவிட்டால் அலுமினியத் தாள் முறை கைகொடுக்கும். கிண்ணத்தின் அடியில் தாளை விரித்து, ஒரு லிட்டர் கொதிநீருக்கு நாலு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றி, வெள்ளியைத் தாளில் படும்படி வையுங்கள். தாளில் படாமல் மிதந்தால் ஒன்றும் நடக்காது. கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்கு மாறும். அழுகிய முட்டை வாடை வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் போதும். இந்த முறையில் உலோகம் தேய்வதில்லை, கறுப்பாக இருந்த வெள்ளியே திரும்பி வருகிறது. மேற்பரப்பு கொஞ்சம் வெளுத்து மங்கலாகத் தெரியும், துணியால் ஒருமுறை துடைத்தால் சரியாகிவிடும். ஆனால், வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்காகப் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகையை இதில் போட்டால் அந்த அழகும் சேர்ந்து போய்விடும். கல்லோ முத்தோ ஒட்டிய நகைக்கும் இது வேண்டாம்.

வெள்ளியை முக்கியெடுக்கும் திரவம் சில நொடியில் பளிச்சென்று ஆக்கும், அதுதான் ஆபத்தும். அமிலம் கலந்த இந்தத் திரவத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுவைத்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகும், அப்படி ஆனது முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கும். பற்பசை இன்னும் மோசம். அதிலுள்ள தேய்ப்புத் துகள்கள் பல்லின் எனாமலுக்காக அமைந்தவை. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் வெள்ளி 2.5தான், அது தாங்காது. முலாம் பூசியதாக இருந்தால் சில தேய்ப்பிலேயே அடி உலோகம் எட்டிப்பார்க்கும்.

ஒலியலை அதிர்வால் திரவத்தில் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் கருவிக்கு ஒரே ஒரு நியாயமான வேலை உண்டு: வைரம், நிறமோ தெளிவோ கூட்ட எதுவும் செய்யாத அல்லது சூடேற்றல் மட்டும் செய்த மாணிக்கம், நீலக்கல். வைரம் எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் பிசுக்கு அடைந்தால் எவ்வளவு நல்ல கல்லும் கண்ணாடித் துண்டாகத் தெரியும். அங்கே இந்தக் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு சமயத்தில் ஒரு நகை, மூன்று நிமிடம். இரண்டைச் சேர்த்துப் போட்டால் கற்கள் உரசி விளிம்பு உடையும். ஏற்கெனவே ஆடும் கல்லைக் கருவி கழற்றிப் போட்டுவிடும் என்பதால், போடுமுன் நகையைக் காதருகே வைத்து விரலால் தட்டுங்கள். டிக் டிக் என்று கேட்டால் முதலில் பொற்கொல்லரிடம்தான் போக வேண்டும்.

மரகதத்தை அதில் போடவே கூடாது. பெரும்பாலான மரகதங்களின் நுண்விரிசல்களில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். கருவியும் நீராவியும் சூடான தண்ணீரும் அதை வெளியேற்றிவிடும், மறைந்திருந்த விரிசல் வெள்ளைக் கோடாக வெளியே தெரியும். விரிசலில் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்துக்கு எலுமிச்சைச் சாறே ஆபத்து, நிரப்பிய கண்ணாடியை அமிலம் அரித்துவிடும். ஓப்பல் தண்ணீரைத் தன்னுள்ளே வைத்திருக்கும் கல். மெல்லிய ஏடாக ஒட்டிச் செய்ததை ஊறவைத்தால் ஒட்டுக்குள் ஈரம் புகுந்து புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். டர்க்கைஸ் என்ற நீலக்கல் வகை எண்ணெயைக் குடித்துப் பச்சையடிக்கும். செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) நெடுநாள் வெயிலில் கிடந்தால் நிறம் வெளிறும்.

முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட், அதனால் வியர்வையும் வாசனைத் திரவமும் வினிகரும் இரண்டையும் அரிக்கும். அலங்காரம் எல்லாம் முடிந்த பிறகு முத்தைப் போட்டு, வந்ததும் முதல் வேலையாகக் கழற்றி ஈரம் பிழிந்த துணியால் துடைத்துவிட வேண்டும். மாலையைத் தொங்கவிடாமல் படுக்கவையுங்கள், பட்டு நூல் நீண்டுவிடும். முடிச்சுகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால் மறுபடி கோக்கும் நேரம் வந்துவிட்டது.

இன்னொரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் துகள் உண்டு, அதன் கடினம் மோஸ் அளவில் 7. ஓப்பல், டர்க்கைஸ், முத்து எல்லாம் அதைவிட மென்மை. காய்ந்த துணியால் துடைத்தால் தூசியே உப்புத்தாள் வேலை செய்துவிடும். முதலில் ஊதித் தட்டி, பிறகு ஈரத்துணி.

வெள்ளியைக் காற்றுப் புகாத ஜிப் பையில், ஒவ்வொன்றும் தனித்தனியாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பையை மூடுமுன் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். ரப்பர் பேண்ட் சுற்றி வைக்காதீர்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். கம்பளித் துணியும் ஆகாது. கறுப்பைத் தடுக்கும் காகிதப் பட்டை நல்ல பலன் தருகிறது, ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். போட்ட தேதியைப் பட்டையிலேயே எழுதிவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை.