ரோட்டரி எஞ்சினுக்கு ஹைட்ராலிக் ப்ரொப்பெல்லர்: என் 5,550 டாலர் போன கதை

வீட்டில் விமானம் கட்டுகிற தமிழர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் இருப்பார்கள்? கைவிரலுக்குள் அடங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன். ஒருவராவது அந்தத் தங்க நிற கியர்பாக்ஸுக்குச் செக் எழுதப் பேனாவை எடுத்திருந்தால், கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிடட்டும்.

டெக்சாஸில் ஒரு சின்ன ஹேங்கரில் ஆறு வருஷமாக ஆர்வி-7 என்ற கிட் விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கிட்டை விற்கும் வேன்ஸ் நிறுவனம் லைக்கமிங் எஞ்சின்தான் போடச் சொல்லும். நான் போட்டது, விபத்தில் சிக்கிய ஆர்எக்ஸ்-8 காரிலிருந்து கழற்றிய மஸ்டா ரெனெசிஸ் என்ற ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி. அடக்கமான எஞ்சின், பழுது பார்ப்பதும் சுலபம். ஒரே சிக்கல், சக்தி வேண்டுமென்றால் 6,000, 7,000 ஆர்பிஎம்மில் சுழல வேண்டும். ப்ரொப்பெல்லரோ 2,700-ஐத் தாண்டக்கூடாது. அதனால் நடுவில் கியர்பாக்ஸ். என்னுடையது 2.85-க்கு 1.

நிலையான பிட்ச் ப்ரொப்பெல்லர், அதாவது பிளேடின் சாய்வு மாறாதது, போட்டால் ரோட்டரிக்குப் பாதி சாபம். நீள்பயணத்துக்கு ஏற்ற பிளேடு, டேக்-ஆஃப் சமயத்தில் எஞ்சினை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். டார்க் (முறுக்கு விசை) குறைவான எஞ்சின், ஆர்பிஎம் ஏறாமல் சக்தி வராது. பிட்ச் தானாக மாறும் கான்ஸ்டன்ட் ஸ்பீடு ப்ரொப்பெல்லர் இருந்தால் ஓடுபாதையிலேயே முழு ஆர்பிஎம் கிடைத்துவிடும். இந்த ஆசையில்தான் மாட்டினேன்.

ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவில் ஒரு மேசை மேல் அந்தக் கியர்பாக்ஸ் இருந்தது. தங்க நிற அனடைசிங், முன்னால் ப்ரொப்பெல்லரை மாட்டும் எஸ்ஏஈ-2 ஃபிளாஞ்ச், பக்கவாட்டில் நான்கு ஸ்டட் வைத்த கவர்னர் பேட், அதாவது பிட்ச்சை மாற்றும் கவர்னர் கருவி உட்காரும் இடம். விற்றவர் ஃபிளாஞ்சை விரலால் சுழற்றிக் காட்டினார், வெண்ணெய் மாதிரி சுற்றியது. "ஹைட்ராலிக்குக்குத் தயார். ரெண்டு விமானம் ஏற்கெனவே பறக்குது" என்றார். கவர்னரோடு சேர்த்து 6,400 டாலர், பாதி முன்பணம். கிரெடிட் கார்டு என்றால் நாலு சதவீதம் கூடுதல், செக் என்றால் இல்லை. 128 டாலரை மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் செக் எழுதினேன். என் மனைவி அன்றைக்கே கேட்டாள், "ஏங்க, அந்த ரெண்டு விமானத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?" பேசவில்லை. என் ஞானம் அவ்வளவுதான்.

பத்து வாரம் என்றவர் ஏழு மாதம் கழித்துத்தான் அனுப்பினார், மீதிப் பணம் கைக்குப் போன பிறகு. தாமதத்தை விடுங்கள், இந்தத் தொழிலில் அது சகஜம். விஷயம் பெட்டிக்குள் இருந்தது.

அதைச் சொல்லும் முன் இந்த ப்ரொப்பெல்லர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து 70, 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வரும் ஆயிலைக் கவர்னருக்குள் இருக்கும் சின்ன கியர் பம்ப் 300 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏற்றுகிறது. அந்த ஆயில், சுழன்றுகொண்டிருக்கும் ஷாஃப்டுக்குள் நுழைந்து, ஷாஃப்டின் நடுத்துளை வழியாக முன்னே போய், ப்ரொப்பெல்லரின் மையமான ஹப்பில் உள்ள பிஸ்டனைத் தள்ளி பிளேடைத் திருப்ப வேண்டும். லைக்கமிங்கில் இந்த வழி கிராங்க்ஷாஃப்டுக்குள்ளேயே போட்டு வருகிறது. ரோட்டரியில் அதை கியர்பாக்ஸ் செய்தவர்தான் உண்டாக்க வேண்டும்: உள்ளே துளைத்த ஷாஃப்ட், நிற்கிற பாகத்திலிருந்து சுழல்கிற பாகத்துக்கு ஆயிலை மாற்றும் வெண்கலக் காலர், பின்னால் ஆயில் திரும்பி ஓடாதபடி ஒரு அடைப்பு. வெளியே தெரிகிற கவர்னர் பேடை எந்த மில்லிங் மிஷினிலும் ஒரு மதியத்தில் வெட்டிவிடலாம். காசு கொடுப்பது உள்ளே இருக்கும் வழிக்கு.

விமானத்தின் வாலைத் தரையோடு கட்டிவிட்டு முதல் முறை ஓட்டினேன். கவர்னர் வெளியேறும் இடத்தில் கேஜ் மாட்டியிருந்தேன். 90-க்கு மேல் முள் ஏறவில்லை. லீவரை எப்படித் தள்ளினாலும் பிளேடு ஃபைன் பிட்ச்சை (குறைந்த சாய்வு) விட்டு அசையவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். "ஆயில் ரொம்ப மெலிசு, 20டபிள்யூ-50 போடுங்க." போட்டேன். அதே 90. "எஞ்சின் ஆயில் பிரஷர் பத்தலை, ரெகுலேட்டருக்கு ஷிம் வைங்க." வைத்தேன். 100 ஆனது. "ஆயில் சூடாகிறது, கூலர் சின்னது." இதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. ரோட்டரியில் ரோட்டர்களைக் குளிர்விப்பதே ஆயில்தான், வெளியேறும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அதன் வழியாகவே போகிறது. ஆனால் என் ஆயில் அப்போது 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடவில்லை. இப்படியே மூன்று வாரம் போனது.

வீட்டில் விமானம் கட்டுவோர் சங்கமான இ.ஏ.ஏ.வின் எங்கள் பகுதிக் கிளையில் டெக்னிக்கல் கவுன்சிலர் ஒருவர் இருக்கிறார், எழுபது வயதைத் தாண்டியவர். காசு வாங்காமல் வந்து பார்ப்பார். கியர்பாக்ஸைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். ஃபிளாஞ்சில் ஓ-ரிங்கோடு ஒரு தகட்டை முடுக்கி மூடினோம். கவர்னர் வாயில் ஒரு கைப்பம்பை இணைத்து ஆயிலை அடித்தோம். கேஜ் 200-க்குப் போனது, பம்பை விட்டதும் இரண்டே வினாடியில் பூஜ்யம். தரையில் ஒரு சொட்டு இல்லை. அவர் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஷாஃப்டின் பின்துளையில் ஒரு அலுமினிய மூடி. மரையும் இல்லை, ஓ-ரிங்கும் இல்லை. தட்டி இறக்கி, சுற்றிலும் சிலிக்கான் கேஸ்கெட் பசையைப் பூசியிருக்கிறார்கள். விரல் நகத்தால் தொட்டதும் பசை ஒரு நூல் மாதிரி உரிந்து வந்தது. வெண்கலக் காலரிலும் ஆறு தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) ஃபீலர் தகடு தடையில்லாமல் நுழைந்தது.

கசிகிற ஆயில் கியர்பாக்ஸுக்குள்ளேயே விழுந்து எஞ்சினின் ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பிவிடுகிறது. அதனால்தான் வெளியே ஈரமே தெரியவில்லை. தரையில் இது வெறும் எரிச்சல். பறக்கும்போது அந்த மூடி கழன்றால் அழுத்தம் போய் பிளேடு ஃபைனுக்கு ஓடும், எஞ்சின் அளவு மீறிச் சுழலும். உரிந்த சிலிக்கான் ஆயில் வழியில் எங்கே போய் அடைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு கவலை.

படத்தோடு விற்றவருக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை வாதாடவில்லை. நாலே நாளில் மரை போட்ட மூடியும் ஓ-ரிங்கும் புதுக் காலரும் வந்து சேர்ந்தன. ஏழு மாதம் இழுத்தவரிடமிருந்து நாலு நாளில்! தயாராக எடுத்து வைத்திருந்திருக்கிறார். தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

சரி, மாட்டினேன். கைப்பம்பில் அழுத்தம் நின்றது. மறுபடி ஓட்டினேன். இந்த முறை எஞ்சின் முழு த்ராட்டிலில் 4,000-ஐத் தாண்ட மறுத்தது, சேற்றில் சிக்கிய மாதிரி. ப்ரொப்பெல்லர் லீவரைப் பின்னால் இழுத்தேன். ஆர்பிஎம் குறைய வேண்டும். ஏறியது. சடசடவென்று ஏறியது. த்ராட்டிலை மூடிவிட்டு எஞ்சினை நிறுத்த மாக்னெட்டோ சுவிட்சைத் தேடினேன், ரோட்டரியில் மாக்னெட்டோவே கிடையாது என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

காரணம் எளியது. ஒற்றை எஞ்சின் விமானங்களில் வழக்கமாக இருக்கும் ஹப்பில் ஆயில் அழுத்தம் ஏறினால் பிளேடு கோர்ஸ் பிட்ச்சுக்கு (அதிக சாய்வு) போகும், அழுத்தம் போனால் ஃபைனுக்குத் திரும்பும். சாகச விமானங்களிலும் இரட்டை எஞ்சின் விமானங்களிலும் பிளேடு அடியில் எதிர் எடை வைத்த ஹப் இருக்கும், அங்கே எல்லாம் தலைகீழ். என் ஹப் முதல் ரகம். அவர் கொடுத்த கவர்னர் இரண்டாம் ரகத்துக்கானது. வேகம் கூடினால் ஆயிலை ஏற்ற வேண்டியது, இறக்கிவிடுகிறது. பிளேடு இன்னும் ஃபைனாகி வேகம் இன்னும் கூடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கவர்னரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெயர்த் தகட்டில் உள்ள எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். என் ஹப் மாடலை ஆர்டர் போட்ட அன்றே அவருக்கு எழுத்தில் கொடுத்திருந்தேன்.

அதன் பிறகுதான், மனைவி சொன்ன வேலையைச் செய்தேன். "பறக்குது" என்ற இரண்டு விமானங்களின் என்-நம்பரை, அதாவது பதிவு எண்ணை, கேட்டு வாங்கி அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் பதிவேட்டில் தேடினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு இல்லை, அஞ்சு நிமிஷ வேலை. ஒன்றின் பதிவு ரத்தாகியிருந்தது. இன்னொன்றின் சொந்தக்காரரைப் பிடித்துப் பேசினேன். பறக்கிறார்தான், ஆனால் மின்மோட்டாரில் பிட்ச் மாறும் ப்ரொப்பெல்லரோடு. ஹைட்ராலிக் வழி தனக்கும் அழுத்தம் பிடிக்கவில்லை, அதனால் மாற்றிக்கொண்டேன் என்றார்.

அவரே இன்னொன்றும் கேட்டார்: "டார்ஷனல் அதிர்வு, அதாவது ஷாஃப்டின் முறுக்கு அதிர்வு, அளந்த அறிக்கை ஏதாவது கொடுத்தாரா?" கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உலோக பிளேடு ப்ரொப்பெல்லர் எந்த எஞ்சினோடும் ஒத்துப்போகும் என்பது கிடையாது. 180 குதிரைத்திறன் லைக்கமிங் ஓ-360-இலேயே ஹார்ட்சல் நிறுவனத்தின் சில பிளேடுகளுக்கு 2,000 முதல் 2,250 ஆர்பிஎம் வரை தொடர்ந்து ஓட்டாதே என்று தடை உண்டு, அதுவும் அளந்து பார்த்துச் சொன்னது. கியர் வைத்த மஸ்டாவில் அளந்தவர் யார்? பிளேடு வேரில் விரிசல் விழுந்தால் எஞ்சின் மவுண்டோடு பிய்த்துக்கொண்டு போகும். இப்போது யோசித்தால் பணத்தைவிட இதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

கவர்னருக்கு 850 டாலரை விற்றவர் திருப்பி அனுப்பினார். கியர்பாக்ஸை "முழுசாகச் சரிசெய்து தருகிறேன்" என்று திரும்பக் கேட்டார். அனுப்பினேன், என் செலவில். எட்டு மாதமாகிறது. முதலில் பேரிங் வரவில்லை, பிறகு மெஷினிஸ்ட் வேலையை விட்டுவிட்டார், பிறகு போனே எடுப்பதில்லை. கார்டில் கொடுத்திருந்தால் வங்கி வழியாகவாவது முட்டிப் பார்த்திருக்கலாம். எஃப்.ஏ.ஏ.விடம் போகவும் வழியில்லை, வீட்டில் கட்டிய 'எக்ஸ்பெரிமென்டல்' ரக விமானத்துக்கான கியர்பாக்ஸுக்குச் சான்றிதழே தேவையில்லை. அவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார், இங்குள்ள சின்ன வழக்கு நீதிமன்றத்துக்கு அவரை இழுப்பது எளிதல்ல என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

போன வாரம் அவருடைய புது விற்பனை விளம்பரம் கண்ணில் பட்டது. "புத்தம் புதியது, ஹைட்ராலிக்குக்குத் தயார், உடனே அனுப்பப்படும்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேஸின் இடப்பக்கம், கவர்னர் பேடுக்குக் கீழே, தங்க நிறத்தில் ஒரு அங்குல நீளத்துக்கு வெள்ளைக் கீறல். இரண்டாவது முறை கழற்றும்போது ஸ்பேனரை நழுவவிட்டு அதைப் போட்டவன் நான்தான்.