நீதிபதி பட்டியல் வந்ததும் காலியாக விடுவதா, கட்சி பார்த்துப் போடுவதா?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில் முதல்முறை ஓட்டுப் போடுகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. அதிபர், செனட்டர் வரை விரல் வேகமாக ஓடும். அப்புறம் நீதிபதி பதவிகள் பக்கம் பக்கமாக வரும்; அங்கே அவர்களையும் மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பெயரும் தெரியாது. கட்சிக்கு மொத்தமாகப் போடும் ஒற்றைப் பொத்தானையும் டெக்சஸ் 2020-இல் எடுத்துவிட்டது.

நேரம்
காலியாக விட்டால்: தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம்.
கட்சி பார்த்தால்: ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். பின்னால் நிற்கும் வரிசை முதுகில் உறைக்கும்.

செல்லுமா?
இரண்டும் செல்லும். கீழே விட்டதால் மேலே போட்டது வீணாகாது.

விளைவு
கட்சி பார்த்தால்: நல்ல நீதிபதியும் கட்சி அலையில் அடித்துப் போகலாம்.
காலியாக விட்டால்: முடிவு மற்றவர்கள் கையில். ஒரே ஓட்டுகூட முடிவை மாற்றலாம்: 2017-இல் வர்ஜீனியா சட்டமன்றத்தின் 94-ஆம் தொகுதியில் முன்னணி வேட்பாளர் இருவருக்கும் தலா 11,608 ஓட்டு. கடைசியில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். அவையில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மையா, இரு கட்சியும் சரிசமமா என்பதே அந்தச் சீட்டில்தான் தொங்கியது!

கட்சிக் கொள்கைதான் முக்கியம் என்றால் கட்சி பார்த்தே போடுங்கள். நீதிபதிக்கு எதற்குக் கட்சி என்பவர் அந்த வரியை மட்டும் விடலாம். எனக்கு அதில் தப்புத் தெரியவில்லை. பள்ளிகளைக் கவனிக்கும் பள்ளி வாரியத் தேர்தலில் பெரும்பாலும் கட்சிப் பெயரே இருக்காது, அங்கே இந்த வழி உதவாது. வீட்டிலேயே மாதிரி வாக்குச்சீட்டைப் பார்த்துத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடிக்குள் போனைத் தொடக்கூடாது, காகிதத்துக்குத் தடையில்லை.