“4கே, 100 மீட்டர்” என்று அட்டையில் போட்ட எக்ஸ்டெண்டரை நம்பாதீர்கள்

எங்கள் கூட்ட அரங்கில் கணினிக்கும் ப்ரொஜெக்டருக்கும் 60 மீட்டருக்கு மேல் இடைவெளி. சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது. நெட்வொர்க்குக்குப் போடும் கேட்-6 கேபிள் ஒன்றிலேயே படம், ஒலி, கண்ட்ரோல் எல்லாம் போகும் எச்டிபேஸ்டி எக்ஸ்டெண்டர் செட்டை (கணினிப் பக்கம் டிரான்ஸ்மிட்டர், ப்ரொஜெக்டர் பக்கம் ரிசீவர்), கேபிளோடும் பொருத்தும் வேலையோடும் சேர்த்து ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். “4கே 60, 100 மீட்டர், ஆர்எஸ்-232 உண்டு” என்று கொட்டேஷனிலேயே எழுதியிருந்தார்கள். 4கே 60 என்றால் நொடிக்கு 60 பிரேமில் 4கே படம்; ஆர்எஸ்-232 என்பது ப்ரொஜெக்டருக்கு ஆன், ஆஃப் போன்ற கட்டளைகளை அனுப்பும் இணைப்பு. எழுதிய மூன்றும் பொய்.

படம் திடீரென்று கறுத்துப்போகும், சில நொடியில் திரும்பி வரும். லேப்டாப் சரியில்லை என்றார்கள், பிறகு ப்ரொஜெக்டர், பிறகு உங்கள் கரண்ட். மிச்சம் கிடந்த கேபிள் துண்டின் கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு, உள்ளே வெள்ளை! சிசிஏ எனப்படும், செம்பு பூசிய அலுமினியம். உறையில் கேட்-6 என்று பளிச்சென்று அச்சு வேறு. கேட்-6 தரப்படி கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியக் கம்பிக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். எங்கள் ரிசீவருக்குத் தனி அடாப்டர் கிடையாது, கரண்டும் இதே கேபிளில்தான் போகிறது. வழியிலேயே வோல்டேஜ் இறங்கி, ரிசீவர் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. அசல் செம்புக் கேபிளைத் தரையில் ஓடவிட்டுச் சோதித்தோம். 1080பி-யில் (ஃபுல் எச்டி) ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை.

4கே மட்டும் அப்போதும் வரவில்லை. மாடல் எண்ணை வைத்துத் தேடினால், அது எச்டிபேஸ்டி பி வகுப்பு: 1080பி என்றால் 70 மீட்டர், 4கே என்றால் 40. குட்டைக் கேபிளில் 4கே 60 வந்தது, ஆனால் 4:2:0 என்ற, நிறத்தைச் சுருக்கி அனுப்பும் முறையில்தான். நிறத் தகவல் கால்பங்காகக் குறைந்துவிடும். சினிமா பார்க்கிறவருக்குத் தெரியாது; எக்செல்லில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் போட்டால் ஓரமெல்லாம் கலங்கும். நிறத்தைக் குறைக்காத முழு 4:4:4-க்கு எச்டிஎம்ஐ 2.0-வின் நொடிக்கு 18 ஜிகாபிட் வேகம் தேவை, இந்தப் பெட்டியின் உச்சம் 10.2.

ஆர்எஸ்-232 கதைதான் உச்சம். டிரான்ஸ்மிட்டரில் போர்ட் இருக்கிறது, ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு மட்டும்! ப்ரொஜெக்டருக்கு ஒரு கட்டளையும் போகாது. “போர்ட் உண்டு என்றுதானே சொன்னோம்” என்று பதில் வந்தது.

கேபிளை நாங்கள் வெட்டிவிட்டதால் வாரண்டி இல்லையாம். பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

வாங்கப் போகிறவர்கள் 4கே 60 4:4:4 எத்தனை மீட்டர், எந்தக் கேபிளில், ஆர்எஸ்-232 இரு பக்கமும் கடந்து போகுமா என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்னால், அதே கேபிளில் ப்ரொஜெக்டரை ஆன் செய்து அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.